பனைபோல் நின்ற கொய்யா

சாலோமியிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, திருப்பி நாலு கேள்வி வரும். பாளையங்கோட்டையில் அவள் குடியிருந்த தெருவில் இதை அறியாதவர் கிடையாது. தயிர்க்காரி வந்து கூடையை இறக்கினால், "மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வச்சா தயிர் கட்டியா வருதா, புண்ணாக்கு வச்சா வருதா? மாத்தி வச்சுப் பாத்தியா?" என்பாள். தயிர்க்காரி தயிர் விற்க வந்தாளா, பரீட்சை எழுத வந்தாளா? பாவம், அளந்து ஊற்றிவிட்டு ஓட்டமாய் ஓடுவாள். கோயில் மணி அடிக்கிறவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் மறித்து, இந்தக் கயிறு அறுந்துபோனால் ஆராதனைக்கு எப்படி ஜனங்களைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டவள் அவள். அதற்குப் பிறகு அந்த மனுஷர் மணியடிக்கும் முன்னால் கயிற்றைத் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஊரையே கேள்வி கேட்டவள், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. தன் வீட்டுப் புறவாசலில் நின்ற கொய்யா மரம் ஏன் காய்க்கவில்லை என்பதுதான் அது. கேட்க அவளுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த மாதத்தில் புருஷன் பாக்கியசீலன் அவளைப் பாபநாசத்துக்கு அழைத்துப்போனான். பாக்கியசீலன் கோர்ட்டுக் குமாஸ்தா. சாந்தமான மனுஷன், கோபம் வந்தால்கூட முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் கோபப்படுவான், துடைத்து முடிப்பதற்குள் கோபம் போய்விடும். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒருவன் கொய்யாக் கன்று விற்றுக்கொண்டிருந்தான். ஆசையாய் ஒன்று வாங்கி வந்து புறவாசலில் நட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களில் யாரோ ஒருத்தி, "மரம் முந்துதா, மருமக முந்துதாளான்னு பாப்போம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண்ணும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள்.

வருஷங்கள் போயின. மரமும் முந்தவில்லை, மருமகளும் முந்தவில்லை. மரம் பாட்டுக்குக் கூரைக்கு மேலே வளர்ந்தது. உச்சியில் எப்போதாவது ஒன்றிரண்டு பூப் பூக்கும், அதுவும் உதிர்ந்துபோகும். சாலோமிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மட்டும் தெரு மறக்கவில்லை. நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். மரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள், "கர்த்தருடைய சித்தம்" என்று பெருமூச்சு விடுவார்கள். நரம்பில்லாத நாக்கு, என்ன செய்வது!

அடுத்த வீட்டில் பாக்கியசீலனின் அக்காள் யூனிஸ். வீடு கொள்ளாத பிள்ளைகள் அவளுக்கு. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சாலோமிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிச் சட்டியோடு முதலில் வந்து நிற்பவள் அவள்தான். ஆனால் மனசில் நினைத்தது வாய்க்கு வர அவளுக்கு ஒரு நொடி போதும். டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்து, ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்து ஓய்ந்த தை மாசத்தில், தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஏலே, காய்க்காத மரத்தை வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப்போற? எடத்தையும் அடைச்சுக்கிட்டு நிக்குது. வெட்டிட்டு ஒரு தொழுவம் போடு, பசு வாங்கலாம். வேணும்னா இந்தக் கார் அறுப்பு வரைக்கும் பாரு. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பழமாவது கோயிலுக்குப் போகலைன்னா, மாரிக்கண்ணுவக் கூட்டிட்டு வந்து கோடாலியப் போட்டிரு."

மாரிக்கண்ணு அந்தப் பக்கத்தில் விறகு வெட்டுகிறவர். அறுப்பின் பண்டிகை, ஆற்றுப் பாசனத்தில் கார் நெல் அறுத்து முடிந்ததும் புரட்டாசி வாக்கில் வருவது. அவரவர் நிலத்தில், தோட்டத்தில் விளைந்த முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பாக்கியசீலன் கண்ணாடியைத் துடைத்தான். "சரிக்கா" என்றான்.

அடுப்படியில் நின்ற சாலோமியின் காதில் இது விழுந்தது. வெட்டப்போவது மரத்தைத்தான், தன்னை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காய்க்கவில்லை என்று சொல்லி அதை வெட்டிச் சாய்த்தால், அன்றோடு தனக்கும் சேர்த்துத் தெரு தீர்ப்புச் சொல்லிவிடும், அப்புறம் இங்கே தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று தோன்றியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், நல்லவேளை, பழைய குணம் திரும்பி வந்தது. இத்தனை வருஷமாய் விழுங்கி வைத்திருந்த கேள்வியை மனசுக்குள் முதல் தடவையாகக் கேட்டாள். இது ஏன் காய்க்கவில்லை?

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊரில் கவாத்துக் கூட்டம் தொடங்கியது. செடி கொடி மரங்களை எப்படிக் கழித்துவிடுவது என்று கற்றுக்கொள்ளும் கூட்டம். தொடங்கியவர் பஞ்சு வாத்தியார். டவுனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து பாளையங்கோட்டையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் எலுமிச்சை வைத்திருந்தார். எதையோ பத்திரிகையில் படித்துவிட்டு, கிளையைக் கழித்தால் காய் கூடுமாமே என்று அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. குற்றால மலைத் தோட்டங்களில் வெகுகாலம் வேலை பார்த்து, குளிர்காய்ச்சல் தாங்காமல் கீழே இறங்கிய குற்றாலலிங்கத்தைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார்.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுவது. ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு. கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும். யார் வீட்டு மரமோ அவர்கள் சுக்குக்காப்பியும் அவித்த பனங்கிழங்கும் கொடுக்க வேண்டும். பஞ்சு வாத்தியார் மட்டும் தன் வீட்டுச் செம்பில் கொண்டுவந்த தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார். இன்னொரு சட்டமும் இருந்தது. முதல் வெட்டு வீட்டுக்காரருடையது. குற்றாலலிங்கம் இதில் கறாராக இருந்தார். "பட்டுப்போச்சுன்னா உங்க கையாலதான் பட்டுதுன்னு இருக்கணும். இல்லைன்னா என் தலையத்தான உருட்டுவிய" என்பார்.

முதல் கூட்டம் மட்டும், செய்து காட்டுவதற்காக, பள்ளிக்கூட முற்றத்தில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சாலோமி பாக்கியசீலனை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நின்றாள். செம்பருத்தி வேலி ஆள் உயரத்துக்கு நெடுநெடுவென்று நின்றது. குற்றாலலிங்கம் ஒரு தண்டைப் பிடித்தார், கத்தியை வைத்தார், சடக்கென்று உச்சியை எடுத்துவிட்டார்.

"ஐயோ! தலைய வெட்டிட்டியளே அண்ணாச்சி! இனிச் செத்துல்லா போவும்!"

கூட்டமே சாலோமியைத் திரும்பிப் பார்த்தது. பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றினான்.

அவள் கத்தியதில் நியாயம் உண்டு. சாலோமி பிறந்தது குலசேகரன்பட்டினத்துப் பக்கம், செம்மணல் மேடாய்க் கிடக்கும் தேரியில். அப்பா ஞானையா பனையேறி. அவள் கண் திறந்து பார்த்த மரம் பனை, அறிந்த மரம் பனை, ஏன், தின்றதும் குடித்ததும் படுத்ததும் பனைதான். பனைக்கு ஒரே குருத்து. கீழே பழுத்த ஓலையை எத்தனை வேண்டுமானாலும் கழிக்கலாம். கழித்தால் மரத்துக்கு நல்லது. குருத்தில் கை வைத்தால் மரம் செத்தது. அவள் சிறுமியாயிருந்தபோது, எல்லைத் தகராறில் எவனோ ஒரு பாவி அப்பாவின் பனை ஒன்றைக் கொண்டையோடு வெட்டிப் போட்டுவிட்டான். ஞானையா அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து, வீட்டில் ஒரு சாவு விழுந்தாற்போல் அழுதார். தலையில்லாத அந்தப் பனை கறுத்துப்போய் வெகுகாலம் அங்கேயே நின்றது. மரத்துக்கு உயிர் தலையில் இருக்கிறது என்பது அன்றைக்கு அவள் மனசில் பதிந்துவிட்டது.

"அடுத்த மாசம் வந்து பாருங்க தாயி" என்றார் குற்றாலலிங்கம், சிரிக்காமல்.

அடுத்த மாசமாவது! சாலோமிக்கு அடுத்த நாள் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். மறுநாளும் போனாள். வெட்டிய தண்டு எது என்று மறந்துவிடக் கூடாதே என்று பழைய சேலைக் கரையிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவிக் கட்டினாள். வெட்டுக்குக் கீழே இலைக்காம்பு சேருகிற இடத்தில் சின்னதாய் ஒரு புடைப்பு இருந்தது. அதற்குக் கண் என்று பெயர் என்று குற்றாலலிங்கம் சொல்லியிருந்தார். அது நாளுக்கு நாள் உப்பியது. எதிர்ப்பக்கம் இன்னொன்றும் உப்பியது. ஒருநாள் பார்த்தால் இரண்டு பச்சைத் தளிர்! ஒரு தலை போன இடத்தில் இரண்டு தலை!

வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பஞ்சு வாத்தியாரை வாசலில் நின்று கூப்பிட்டே விட்டாள். "சார், ரெண்டு வருது! எதுக்கு ரெண்டு? மூணு ஏன் வரலை?"

"அம்மா, நேக்குக் கணக்குதான் தெரியும். அது என்ன கணக்குன்னு செம்பருத்தியைத்தான் கேக்கணும்" என்றார் அவர். ஆனாலும் பையன்களுக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, குனிந்து பார்த்து, "அடடே!" என்றார்.

வீட்டுக்கு வந்து வேலி மருதாணியை வெட்டினாள். துளிர்த்தது. யூனிஸ் வீட்டு மல்லிகையை, கேட்காமலே வெட்டினாள். திட்டு வாங்கினாள், அதுவும் துளிர்த்தது. அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில் என்று தைரியமாய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். சொன்ன பிறகு புறவாசலில் போய் மரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. செடி வேறு, மரம் வேறு அல்லவா? செம்பருத்திக்குத் தலை எத்தனையோ, போனால் போகிறது. மரத்துக்குத் தலை ஒன்றுதானே? கவாத்தும் செய்ய வேண்டும், தலையிலும் கை வைக்கக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள், மகராசி.

பிறந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கி வந்த சொத்து ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் பாளை அரிவாள். பனம்பாளை சீவுகிற அரிவாள். மயிரை வைத்து ஊதினால் அறுந்துபோகும். கூட்டத்துக்கு முந்தின வாரம், புருஷன் கோர்ட்டுக்குப் போன பிறகு, ஏணியைச் சார்த்தி மரத்தில் ஏறினாள். கீழ்க்கிளையைக் கழித்தாள். அதற்கு மேல் கிளையைக் கழித்தாள். அப்பா ஓலை கழிப்பதைப் பார்த்த கண் அல்லவா, கை தானாக ஓடியது. கீழேயிருந்து மேலே வரைக்கும் சுத்தமாய் மழித்து, உச்சியில் ஒரு கொத்தை மட்டும் பத்திரமாய் விட்டுவிட்டு இறங்கினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மனசுக்கு நிறைவாய் இருந்தது. தேரியைப் பார்த்தது போல் இருந்தது.

சாயங்காலம் பாக்கியசீலன் வந்தான். புறவாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். அப்போதும் அது அப்படியேதான் இருந்தது.

"ஏளா சாலோமி... இது பனை மாதிரில்லா நிக்குது?"

"நல்லாருக்குல்லா?"

"நல்லாத்தான் இருக்கு. பதனி எப்ப எறக்கலாம்?"

கல்யாணமான நாள்முதல் அந்த மனுஷன் செய்த பரிகாசம் அது ஒன்றுதான். அதைக் கேட்டபிறகுதான் சாலோமிக்கு உறைத்தது.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. வந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் இருமுவது போல் சிரித்தார். அடுத்தவர் அதுவும் செய்யவில்லை, நேரடியாகவே சிரித்தார். பஞ்சு வாத்தியார் மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். மதிலுக்கு மேலே தலையை நீட்டிய யூனிஸ், "எல, எங்க தம்பி வீட்டுல கொய்யாப்பனை நிக்குது, வந்து பாருங்கல!" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். சாலோமிக்கு உடம்பெல்லாம் கூசியது. சுக்குக்காப்பிச் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று நினைத்தாள்.

குற்றாலலிங்கம் மரத்தைச் சுற்றி வந்தார். அவருக்கும் சிரிப்பில் மீசை துடித்ததுதான். "தாயி, கோவிச்சுக்கிடாதிய. இப்படி ஒரு வெட்டை நான் மலையிலயும் பாத்ததில்லை, தரையிலயும் பாத்ததில்லை. என்ன நெனச்சு இப்படிச் செஞ்சிய? தெரிஞ்சுக்கிடணும்னுதான் கேக்கேன்."

கேட்ட விதம் நன்றாக இருந்தது. சாலோமி சொன்னாள். பனையைச் சொன்னாள், ஒற்றைக் குருத்தைச் சொன்னாள், தலை போன மரத்தடியில் அப்பா அழுததைச் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பையச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"கொண்டைய எடுத்தா ஒரேயடியாப் போயிருமா? பக்கத்துல எங்கனயும் கண் கெடையாதா?" என்றார் குற்றாலலிங்கம். "நான் மலைக்காரன் தாயி. பதனி குடிச்சிருக்கேன், பனையப் பத்தி ஒண்ணும் தெரியாது." அவர் கேட்க, இவள் சொல்ல, கூட்டம் பாதி நேரம் பனையைப் பற்றியே நடந்தது. பிறகு அவர் கொய்யாவின் மழித்த தண்டில் அவள் விரலை வைக்கச் சொன்னார். கிளை இருந்த இடங்களில் அரிசி மணிபோல் புடைப்புகள்.

"பாத்தியளா, உடம்பெல்லாம் கண். இது பனை மாதிரி ஒரு உசிரை ஒரு எடத்துல வச்சிருக்கிற மரம் இல்லை."

சாலோமி விரலை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டாள். "அப்போ இது ஏன் அண்ணாச்சி காய்க்கலை? சாபமா?"

"சாபமா? நெழல் தாயி, நெழல்! பக்கத்து வீட்டு வேம்பு மறைக்குது. வெளிச்சத்தைத் தேடி இது உசரமா ஓடியிருக்கு. கொய்யா புதுசா வர்ற கெளையிலதான் காய்க்கும். உங்க மரத்துல புதுக்கெளை உச்சியில மட்டுந்தான். பெறவு எப்படிக் காய்க்கும்?"

இவ்வளவுதானா? இத்தனை வருஷம் இதற்காகவா அழுதோம்? சாலோமிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"அப்போ தலைய எடுத்திருவோமா?" என்றாள்.

குற்றாலலிங்கம் தயங்கினார். "அங்கனதான் சிக்கல். எல்லா எலையையும் கழிச்சு உச்சியில மட்டும் விட்டுட்டிய. இப்ப அதையும் எடுத்தா மரம் மொட்டை. வெயில் காலம் வருது. தாக்குப்பிடிச்சாப் பிடிக்கும், இல்லைன்னா பட்டுப்போவும். நான் கை அடிச்சுச் சொல்லமாட்டேன். காய்க்கும்னும் சொல்லமாட்டேன்."

"பட்டா நல்லதுதான, வெறகாவது ஆகும்" என்றது மதில். பாக்கியசீலன் திரும்பி, "அக்கா, செத்த சும்மா இரேன்" என்றான். யூனிஸ் அசந்துபோனாள், தம்பி அவளிடம் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை. அவன் சாலோமியைப் பார்த்து, "நீ சொல்லு. முதல் வெட்டு வீட்டுக்காரருக்குத்தான?" என்றான்.

சாலோமி மரத்தைப் பார்த்தாள். இன்றைக்கே வெட்டினால் மொட்டை. வெட்டாவிட்டால் காய்க்காது, புரட்டாசியில் மாரிக்கண்ணுவின் கோடாலி. செம்பருத்தியில் கட்டிய சிவப்பு நூல் ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, கண்ணெல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான இருக்கு? முதல்ல கீழ துளிர் வரட்டும். எலை வந்தபெறவு தலைய எடுத்தா மொட்டையா நிக்காதுல்லா?"

குற்றாலலிங்கம் தண்டிலிருந்த கண்களை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார். "ஒரு மாசம் போவுது, போகட்டும். செய்து பாருங்க. எனக்கும் பாக்கணும்" என்றார்.

அந்த மாதம் சாலோமி மரத்தோடு குடித்தனம் நடத்தினாள் என்றே சொல்லலாம். கிணற்றிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். காலையில் எழுந்ததும் தண்டைத் தடவிப் பார்ப்பாள். அரிசி மணி கோதுமை மணி ஆயிற்று. வெடித்துச் செம்பச்சையாய் இரண்டு இலை நீட்டியது. பிறகு பார்த்த இடமெல்லாம் துளிர். வேம்பின் தாழ்ந்த கிளைகளைக் கழிக்க அனுமதி கேட்டு யூனிஸிடம் போய், முதல் நாள் திட்டும், இரண்டாம் நாள் முனகலும், மூன்றாம் நாள் "என்னமும் செஞ்சு தொலை" என்ற சம்மதமும் வாங்கி வந்தாள்.

அடுத்த கூட்டமும் அங்கேயே கூடியது. யாரும் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் அந்த மரம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அரிவாளோடு சாலோமி ஏணியில் ஏறினாள். தண்டில் ஒரு கையை வைத்தாள். மேலே அவள் காப்பாற்றி வைத்த கொத்து காற்றில் ஆடியது. அவளுக்கு அப்பா அழுத முகம் கண்முன் வந்து நின்றது. இறங்கிவிடலாம் போல் இருந்தது.

"இது பனையில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். "அப்பா, இது பனையில்லை." துளிர்விட்ட ஒரு கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக அரிவாளைப் போட்டாள். பருத்த தண்டு, ஒரு வெட்டில் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். தலை ஓசையோடு கீழே விழுந்தது. அதைப் பார்க்காமல் இறங்கி, நேரே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். பாதிக் காப்பி தரையில்தான் போயிற்று.

மரம் சாகவில்லை. சாகவில்லையாவது, சித்திரை வெயிலிலும் வெறிபிடித்தாற்போல் துளிர்த்தது. நெருக்கமாய் வந்த தளிர்களில் வெளிப்பக்கம் சாய்ந்த நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடச் சொன்னார் குற்றாலலிங்கம். வந்த உயிரைக் கிள்ளுவதா என்று சாலோமிக்கு மனசே வரவில்லை. ஏன் என்று கேட்டாள், எதற்கு என்று கேட்டாள், அவர் பொறுமை போகும்வரை கேட்டாள், பிறகு கிள்ளினாள். கிளைகள் மதில் உயரத்துக்குக் குடைபோல் விரிந்தன. வைகாசி முடியும்போது மொட்டு விட்டது. உச்சியில் இல்லை, கைக்கு எட்டும் உயரத்தில். பூ உதிர்ந்து பிஞ்சு நின்றது. சிலது கொட்டிப்போயிற்று, சிலது நின்றது. அணில் வந்தது; பாக்கியசீலன் கோர்ட்டில் காகிதக் கட்டுப் பொதிந்த பழைய துணியைக் கொண்டுவந்து பிஞ்சுகளைக் கட்டிவைத்தான். மாரிக்கண்ணு ஒருநாள் அந்தப் பக்கம் போனவர், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எனக்கு இங்க வேலை இல்லை போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே போனார். யூனிஸ் மதிலோரம் வருவாள், பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் போவாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது லேசான காரியமா?

புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. கோயில் நிறைய நெற்கட்டும் வாழைத்தாரும் கரும்பும் கருப்பட்டிச் சிப்பமும். காணிக்கைப் பலன்களைத் தட்டில் வைத்து வரிசையாய்க் கொண்டுபோவது அந்தக் கோயிலில் பிள்ளைகளின் வேலை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நிற்கும். சாலோமி வீட்டிலிருந்து இத்தனை வருஷமும் யாரும் போனதில்லை. தட்டை யூனிஸின் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். இந்தத் தடவை கொய்யாப்பழத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற வாண்டு அண்ணாந்து பார்த்தது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கும் காது சூடாயிற்றுதான். ஆனாலும் நடந்துபோய்த் தட்டைப் படைத்துவிட்டு வந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே மரநிழலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் போடத் தொடங்கினார்கள். பெண்கள் கூடி நின்ற இடத்தில் யூனிஸ் சாலோமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். "பாத்தியாட்டி, மரம் காய்ச்சிட்டு! இனி நீயும் ஒரு பிள்ளையப் பெத்து..."

சுற்றி நின்றவர்கள் புன்னகையோடு தலையாட்டினார்கள். பழைய நாளாயிருந்தால் சாலோமி தலையைக் குனிந்துகொண்டிருப்பாள்.

"மைனி" என்றாள். "மரம் காய்க்காதது நெழலால. நெழலை எடுத்தோம், தலைய வெட்டினோம், காய்ச்சுது. அது மரத்துக் கதை. என்னைய அதுகூடச் சேத்துச் சேத்து இந்தத் தெரு இத்தனை வருசம் பேசிட்டு. நானும் அப்படியே நெனச்சு அழுதுட்டேன். எனக்குப் பிள்ளை வந்தாலும் வரும், வராட்டியும் போவுது. இனி அந்த மரத்தைப் பாத்துட்டு என்னையப் பாக்காதிய. அது கொய்யா. நான் சாலோமி."

யூனிஸின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. விறுவிறுவென்று ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனாள்.

கொய்யாத் தட்டு ஏலத்துக்கு வந்தபோது ஒரு குரல் ஓங்கி ஒலித்தது. யூனிஸின் குரல். அவள் கேட்ட வேகத்தில் எதிர்த்துக் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு நேரே சாலோமியிடம் வந்தாள். ஒரு பழத்தைக் கையாலேயே பிட்டாள். உள்ளே சிவப்பாய் இருந்தது.

"இந்தா. உன் மரத்துப் பழத்தை நீ இன்னும் தின்னே பாக்கலையே" என்றாள். கண் கலங்கியிருந்தது. "என் வாயி இருக்கே, அது..."

"தின்னுங்க மைனி" என்றாள் சாலோமி, பாதியை வாங்கிக்கொண்டு. பழத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மைனி, மைனி, வெதைய முழுங்கிராதிய! எனக்கு வேணும். முளைச்சா இதே மாதிரி செவப்பாக் காய்க்குதா, வேற மாதிரிக் காய்க்குதான்னு பாக்கணும்."

வாய் நிறையப் பழத்தோடு நின்ற யூனிஸ், வாயைத் திறக்காமல், சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.